பொழுது விடியும் வரை நாலு நங்கூரம்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதிய அக்காவுக்கு,

"பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். கடலுக்கு அனுப்பவும் பயம், வெளியூர் அனுப்பவும் பயம். ஜெபமாலை சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஆண்டவர் இன்னும் வழி காட்டவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். பயப்படுவது விசுவாசக் குறைவு இல்லை அக்கா. படகு கரைக்கு வருமா, இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று போன் வருமா என்று விடிய விடியக் காத்திருக்கிற வீட்டில் பயம் இல்லாமல் எப்படி இருக்கும்?

நல்ல எதிர்காலமும் நம்பிக்கையும் தருவேன் என்று ஆண்டவர் வாக்குக் கொடுக்கிற பைபிள் வசனம், எரேமியா 29:11ஐ தினமும் சொல்வதாக எழுதினீர்கள். எனக்கும் பிடித்த வசனம். ஆனால் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன மக்களுக்கு எழுதிய கடிதம் அது. ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும், அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வாக்குறுதி வருகிறது. காத்திருக்கிற காலத்துக்கும் ஆண்டவர் வேலை கொடுத்திருக்கிறார்.

அப்புறம் பைபிளில் திருத்தூதர் பணிகள் 27. திருத்தூதர் பவுல் போன கப்பல் 14 நாள் புயலில் அலைகிறது. நடு இரவில் கயிறு விட்டு ஆழம் பார்க்கிறார்கள்: 20 பாகம், கொஞ்சம் தள்ளி 15 பாகம். பாறையில் மோதிவிடுவோம் என்று பின்பக்கம் நாலு நங்கூரம் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று மன்றாடுகிறார்கள். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், சுமார் ஆறடி என்று உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழம் பார்த்தார்கள், நங்கூரமும் போட்டார்கள், ஜெபமும் பண்ணினார்கள்.

சரி, நாமும் நாலு நங்கூரம் போடுவோம். தம்பி உயிரியல் படித்திருப்பதால் மீன்வள அறிவியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் 4 வருஷப் படிப்பு. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத இடங்களிலும் அவன் பெயர் வரும். அது கிடைக்காவிட்டால் என்ன என்று இப்போதே யோசித்து, ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பெயரில் உள்ள அரசுக் கல்லூரிக்கும் போட்டுவைப்போம். கல்லூரியில் சேர்ந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், பஸ் செலவுக்கு ஆகும். கடல்மேலேயே ஆசை என்றால் சிஃப்நெட் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம். சென்னையிலும் கொச்சியிலும் மீன்பிடிக் கப்பல் ஓட்டவும் இன்ஜின் பார்க்கவும் 2 வருஷப் பயிற்சி தருகிறார்கள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு கணிதத்திலும் அறிவியலிலும் தலா 40 சதவீதம் வேண்டும். நாலாவதாக அரசு ஐடிஐ. எதையும் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

நகையை அடகு வைத்து ஏஜென்டிடம் கட்டினால் கப்பல் வேலை உறுதி என்று ஒருவர் சொன்னதாகக் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. கப்பலுக்கு ஆள் எடுக்கிற நிறுவனம் கப்பல் துறை இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் என்ற ஆள்சேர்ப்பு உரிமம் வைத்திருக்க வேண்டும். வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்குவது விதிப்படி தவறு. பவுலின் கப்பல் கதை வருகிற அந்த அதிகாரத்திலேயே, நங்கூரம் போடுகிற மாதிரி நடித்து மாலுமிகள் சின்னப் படகை இறக்கித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். பவுல் கண்டுபிடித்துச் சொல்ல, வீரர்கள் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். நீங்களும் அறுத்துவிடுங்கள் அக்கா. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

சனிக்கிழமை மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டுக்காரரின் மீனவர் நலவாரிய அட்டை, அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள். தம்பியையும் கூட்டி வாருங்கள். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை. அதை அவன் வாயால் கேட்ட பிறகு எந்த விண்ணப்பம் முதலில் என்று முடிவு பண்ணுவோம்.