ஊர் எல்லையில் காற்றாலை: சம்மதிக்கும் முன்பும் எதிர்க்கும் முன்பும் கேட்க வேண்டியவை

கேள்வி: எங்கள் ஊர் எல்லையில் காற்றாலைகளும் அவற்றை ஒட்டிச் சூரிய மின்பூங்காவும் அமைக்க ஒரு நிறுவனம் முன்வந்துள்ளது. இரைச்சலால் நோய் வரும், நிலம் பாழாகும் என்கிறது ஒரு தரப்பு. வளர்ச்சியைத் தடுக்காதீர்கள் என்கிறது மறு தரப்பு. கருத்துக்கேட்புக் கூட்டம் நெருங்குகிறது. இவற்றில் எது உண்மை? இத்திட்டங்கள் நடைமுறையில் சொன்னபடி மின்சாரம் தருமா?

பதில்: மாற்று எரிசக்தி வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலோர் வேண்டும் என்பார்கள், அதுவே தம் வீட்டுக்கு எதிரே வரும்போது முகம் சுளிப்பார்கள். இதைச் சுயநலம் என்று ஒதுக்கிவிடுவது நிறுவனங்களுக்கு வசதியான விளக்கம். ஆனால் எதிர்ப்பு வலுத்த இடங்களை உற்றுப் பார்த்தால், காற்றாலையைவிட, யாரையும் கேட்காமல் எல்லாம் முடிவாகிவிட்டது என்ற கோபமே பல வேளைகளில் பெரிதாகத் தெரிகிறது. கோபன்ஹேகன் கரையோரம் உள்ள மிடில்குருண்டன் கடல் காற்றாலைத் திட்டத்தில், மக்களின் ஆட்சேபணைக்குப் பிறகு, மூன்று வரிசைகளாக இருந்த வரைவு ஒரே வளைந்த வரிசையாக மாற்றப்பட்டது. எண்ணிக்கையும் 27இலிருந்து 20ஆகக் குறைந்தது. அதில் பாதி, பல்லாயிரம் பேர் பங்கு வாங்கிய கூட்டுறவு அமைப்பின் சொத்து. மாறாக, அமெரிக்காவின் நான்டக்கெட் கடற்பகுதியில் 2001இல் அறிவிக்கப்பட்ட 130 காற்றாலைத் திட்டம், வழக்குகளிலேயே காலம் கழிந்து 2017இல் கைவிடப்பட்டது. நார்வேயின் ஃபோசென் பகுதியிலோ காற்றாலைகள் ஓடத் தொடங்கிய பின், அவற்றுக்கு அளித்த உரிமம் கலைமான் மேய்க்கும் 'சாமி' என்ற பழங்குடி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே எதிர்ப்பவர் எல்லோரும் அறியாமையால் எதிர்ப்பதாக எண்ணிவிட வேண்டாம்.

இனி இரைச்சல். கனடாவின் சுகாதாரத் துறை 2014இல் வெளியிட்ட விரிவான ஆய்வில், காற்றாலை ஒலிக்கும் மக்கள் தெரிவித்த நோய்களுக்கும் தூக்கக் குறைவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் ஒலி கூடக் கூட எரிச்சல் கூடுவது தெளிவாகப் பதிவானது. நோய் வரும் என்பது மிகை, தொந்தரவு இருக்காது என்பதும் பொய் என்றே இதைப் படிக்க வேண்டும். இறக்கைகள் சுழலும்போது எழும் ஏறி இறங்கும் 'உஷ்' ஒலி, அதே அளவுள்ள சீரான ஒலியைவிடக் காதை உறுத்தும். இரவில் தரையருகே காற்று அடங்கி, இலை அசையும் சத்தம்கூட இல்லாத நேரத்தில், நூறு மீட்டர் உயரத்தில் காற்று வீசிக்கொண்டிருந்தால் அந்த ஒலி இன்னும் துலக்கமாகக் கேட்கும். பகலில் வந்து அளந்துவிட்டுப் போன அறிக்கை இதைக் காட்டாது என்பதால், இரவு அளவீட்டைக் கேளுங்கள். பகல், மாலை, இரவு மூன்றையும் சேர்த்துக் கணிக்கும் சராசரி ஒலி 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை.

சுழலும் இறக்கையின் நிழல் சன்னல் வழியே விட்டுவிட்டு விழுவதும் உண்மையான தொல்லைதான். ஆனால் எந்த வீட்டில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் விழும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும். அந்த நேரத்தில் காற்றாலையைத் தானாக நிறுத்தும் கருவியும் உண்டு. ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளொன்றுக்கு 30 நிமிடம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

சூரிய மின்பூங்காவில் இந்தச் சிக்கல்கள் பெரிதாக இல்லை. அங்கே முக்கியக் கேள்வி நிலத்தைப் பற்றியது: பலகைகளை உயர்த்தி அமைத்தால் அடியில் மேய்ச்சலுக்கோ நிழல் தாங்கும் பயிருக்கோ இடம் கிடைக்கும், செலவு மட்டும் சற்றுக் கூடும்.

மின்சாரம் கிடைக்குமா என்றால், கிடைக்கும். விளம்பரப் பலகையில் எழுதிய அளவுக்கு அல்ல. 2 மெகாவாட் காற்றாலை ஆண்டு முழுவதும் முழு வேகத்தில் சுழலாது. நிறுவுதிறனில் 30 விழுக்காடு கிடைப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 52 லட்சம் யூனிட் வரும். பூங்காவின் சூரிய பலகைகளுக்கு இந்த விழுக்காடு பெரும்பாலும் இன்னும் குறைவு. காற்றின் வேகம் விநாடிக்கு 6 மீட்டரிலிருந்து 7 மீட்டரானாலே அதிலுள்ள ஆற்றல் ஏறக்குறைய 60 விழுக்காடு உயர்ந்துவிடும். கோபுரத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள் என்று கேட்டால் நிறுவனம் தயங்குவதற்கு இதுவே காரணம். அந்தத் தயக்கம் எப்போதும் பிடிவாதம் அல்ல. ஆனாலும் இடம் மாற்றினால் எத்தனை யூனிட் குறையும் என்று எண்ணிக்கையாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

என் கணிப்பில், இத்தகைய திட்டங்கள் தள்ளாடுவது காற்றோ வெயிலோ போதாமல் அல்ல, மின்தடம் போதாமல்தான். துணை மின்நிலையத்தில் இடமில்லை என்றால், நல்ல காற்று வீசும் நாளிலேயே உற்பத்தியைக் குறைக்கச் சொல்லிவிடுவார்கள். சூரிய மின்சாரம் நண்பகலில் உச்சம் தொட்டுப் பொழுது சாயும்போது வடிந்துவிடும். தேவை உயர்வதோ அதன் பிறகு. இன்று பெரும்பாலும் நிறுவப்படும் மின்கலத் தொகுப்புகள் 2 முதல் 4 மணி நேரம் தாங்குவதால் மாலை நேரத்தைச் சமாளிக்கும், பல நாள் மேகமூட்டத்தைச் சமாளிக்காது. உங்கள் ஊரில் காற்றும் வெயிலும் சேர்ந்து வருவது ஒரு வகையில் நல்லதுதான். இரண்டும் ஒரே வேளையில் உச்சம் தொடாத இடமாக இருந்தால் ஒரே மின்தடத்தை மாறி மாறிப் பயன்படுத்தலாம்.

கூட்டத்தில் வேண்டும், வேண்டாம் என்று கை தூக்குவதற்கு முன் மின்தட அனுமதியின் நகல், இரவு ஒலிக் கணிப்பு, வீடுவாரியான நிழல் வரைபடம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். ஊருக்குப் பங்குரிமையா, ஆண்டுதோறும் ஒரு தொகையா என்பதையும் பேசி முடியுங்கள். ஒருமுறை தரும் நன்கொடையை நான் பரிந்துரைக்க மாட்டேன், திட்டம் கைமாறினால் அதைப் பற்றிப் பேசவே ஆள் இருக்காது. பலரும் மறப்பது இன்னொன்று. காற்றாலையின் ஆயுள் 20 முதல் 25 ஆண்டுகள். எஃகும் செம்பும் விலைபோகும். கண்ணாடி இழையும் பிசினும் கலந்த இறக்கைகளை மறுசுழற்சி செய்வது கடினம், அடியில் கிடக்கும் கான்கிரீட்டைத் தோண்டி எடுக்கவும் பெருஞ்செலவு ஆகும். அந்தச் செலவுக்கான தொகையை நிறுவனம் தொடக்கத்திலேயே வங்கி உத்தரவாதமாக வைக்க வேண்டும் என்பதையும், யார் வாங்கினாலும் அந்தப் பொறுப்பு தொடரும் என்பதையும் நிலக் குத்தகைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.