ஐந்தாம் தரத்துக்கு முன் வரும் வயிற்றுவலி

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. ஜனவரியில் ஐந்தாம் தரத்துக்குச் செல்லவிருக்கிறாள். இரண்டு வாரங்களாகக் காலையில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று அழுகிறாள். மாலையில் கடற்கரையில் ஓடி விளையாடுகிறாள். பூச்சி மருந்து இருமுறை கொடுத்தேன். தினமும் பனடோலும் கொடுக்கிறேன். முகத்தில் வெள்ளைத் திட்டுகளும் உள்ளன. இணையத்தில் அப்பெண்டிக்ஸ் என்று போட்டிருக்கிறது. பேதிக்குக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: பேதிக்குக் கொடுக்காதீர்கள். உண்மையிலேயே குடல்வால் அழற்சி (அப்பெண்டிக்ஸ்) இருந்தால், பேதி மருந்து அதை வெடிக்கச் செய்யக்கூடும். ஆனால் அந்த நோய் இரண்டு வாரங்களாகக் காலையில் வந்து மாலையில் பிள்ளையை விளையாட விடுவதில்லை. அதுவும் பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் தொடங்கும் என்றாலும், ஒரு நாளுக்குள் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, விடாமல் கூடிக்கொண்டே போகும். பிள்ளை உணவை வெறுத்து, வாந்தி எடுத்து, நிமிர்ந்து நடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது இது: வலி அவளை நித்திரையிலிருந்து எழுப்புகிறதா? உங்கள் மகளுக்கு இருப்பது பெரும்பாலும் புதிய வகுப்பை எண்ணிய அச்சத்தால் வரும் வலி. அத்தகைய வலி, ஆழ்ந்து உறங்கும் பிள்ளையை அரிதாகவே எழுப்பும். நள்ளிரவில் வலியோடு எழுந்து அழுதாலோ, வலி தொப்புளை விட்டு ஒரு பக்கமாக நகர்ந்தாலோ, இணையத்தைத் திறக்க வேண்டாம், விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல் உடனே திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வாகனம் இல்லையெனில் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் சேவை இலவசமானது.

வெள்ளைத் திட்டுகள் பூச்சியாலும் வருவதில்லை, கல்சியக் குறைவாலும் வருவதில்லை. பெரும்பாலும் அது உலர்ந்த சருமம், வெயில் பட்டால் கூடுதலாகத் தெரியும். சாதாரணக் கிறீம் போதும். பூச்சி மருந்தை இனித் தொடாதீர்கள். தினப் பனடோலையும் இன்றே நிறுத்துங்கள். இந்த வலிக்கு அது உதவாது, நாளை உண்மையான நோய் வந்தால் அதை மறைத்துவிடவும் கூடும்.

அவள் பொய் சொல்லவில்லை என்பதை வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மூளையையும் குடலையும் இணைக்கும் நரம்புகளின் வழியாக அச்சம் உண்மையான வலியாகவே உணரப்படுகிறது. 1958 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் சிறுவர் மருத்துவர் ஜோன் ஆப்லியும் அவருடன் பணியாற்றியவரும் 1000 பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இத்தகைய வயிற்றுவலி திரும்பத் திரும்ப வந்திருந்தது. மிகச் சிலருக்கே உடலில் நோய் காணப்பட்டது. இந்த விடுமுறையில் உங்கள் வீட்டில், ஐந்தாம் தரத்தில் எழுதும் பரீட்சையான ‘புலமைப்பரிசில்’ என்ற சொல் நாளுக்கு எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் வயிற்றில் அந்தப் பரீட்சையை நாங்கள்தான் ஏற்றி வைக்கிறோம். இதை எழுதும்போது எனக்குக் கோபமும் வருத்தமும் ஒருங்கே வருகின்றன.

பாடசாலை தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே படுக்கும் நேரத்தை நாளுக்குக் கால்மணி நேரம் முன்னே நகர்த்துங்கள். இந்த வயதில் குறைந்தது 9 மணி நேர நித்திரை வேண்டும். காலை உணவு முடிந்ததும் பத்து நிமிடம் மலசலகூடத்தில் அமரப் பழக்குங்கள். பாடசாலைக் கழிப்பறைக்குப் போகக் கூசி மலத்தை அடக்கும் பிள்ளைகள் அநேகர். அந்த மலச்சிக்கலும் இதே இடத்தில்தான் வலிக்கும். அவள் அப்படிச் செய்கிறாளா என்று தனிமையில், கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். முதல் நாள் வலிக்கிறது என்றால், காய்ச்சலும் வாந்தியும் இல்லாதவரை அனுப்பிவையுங்கள். ஒரு நாள் வீட்டில் நிறுத்தினால் மறுநாள் வலி இரட்டிப்பாகும். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, வலித்தால் சற்று நேரம் அமர்ந்திருந்துவிட்டு மீண்டும் வகுப்புக்குத் திரும்ப அனுமதி பெறுங்கள்.

பாடசாலை தொடங்கி ஒரு மாதத்துக்குள் வலி குறையாவிட்டாலோ, அதற்கு முன்பே எடை குறைந்தாலோ சிறுவர் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது, அவள் பிறந்தபோது தந்த சுகாதாரப் பதிவேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.