விராலுக்கு வாங்குகிறீர்களா, வீடியோவுக்கு வாங்குகிறீர்களா?

மழை விட்டு ஏரிகள் நிரம்பியிருக்கின்றன போலும். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தூண்டில் பற்றியவை. மிக்ஸி, இன்வெர்ட்டர் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்கர்கள் பாஸ் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. பாலக்காட்டுக் கடை ஒன்றில் ‘பாஸ் ராடு’ என்று ஏழடிக் கம்பும் பெய்ட்காஸ்டர் ரீலும் சேர்த்து 9,000 ரூபாய் சொல்கிறார்கள். என் கையில் இருப்பது 5,000. ஊர்க் குளங்களைத் தவிர வேறெங்கும் போகப்போவதில்லை. கடன் வாங்கியாவது அதை வாங்கலாமா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: கடன் வேண்டாம். ஆனால் கடைக்காரர் உங்களை முழுக்க ஏமாற்றப் பார்த்தார் என்றும் சொல்லமாட்டேன்.

பெருவாய் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். உங்கள் ஊர்க் குளத்தில் அது இல்லை. இருப்பது விரால். வேட்டையாடும் விதத்தில் இரண்டும் பங்காளிகள்: பாசிக்கும் அல்லி இலைக்கும் அடியில் அசையாமல் கிடக்கும், தலைக்கு மேல் தவளை போனால் ஒரே பாய்ச்சல். அதனால்தான் பாஸுக்காக அமெரிக்கர்கள் செய்த ரப்பர் தவளை என்ற போலி இரை நம் விராலிடமும் அப்படியே பலிக்கிறது. அதன் இரண்டு தூண்டில் முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். ஆகாயத்தாமரை மேல் இழுத்தாலும் மாட்டாது. மீன் கவ்வி ரப்பர் அமுங்கும்போதுதான் முள் வெளியே வரும்.

வேறுபாடு வாயில் இருக்கிறது. பாஸின் பல் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான். வீடியோவில் கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டுத் தூக்கிக் காட்டுகிறார்களே, அதை விராலிடம் செய்துவிடாதீர்கள். நான் ஒருமுறை செய்தேன். மீனைக் கரையில் போட்டுவிட்டு, விரலில் வாழைச் சருகைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஆகவே பட்டியலில் முதல் பொருள் மீனின் தாடையைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்பர். விற்பவர்கள் அதைக் கடைசியில்தான் நினைவூட்டுகிறார்கள்.

இனி ராடு. பெட்டியின் மேல் பாய்கிற மீன் படத்தை விட்டுவிடுங்கள். கைப்பிடிக்குச் சற்று மேலே கம்பிலேயே நீளம், வலு, எறியக்கூடிய இரையின் எடை, தாங்கும் நூல் ஆகியவை சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ரப்பர் தவளைகள் பெரும்பாலும் 10 முதல் 18 கிராம். எனவே இரை எடை 7 முதல் 28 கிராம் என்று போட்டிருக்கும் கம்பு உங்களுக்குப் பொருந்தும். சிலவற்றில் அவுன்ஸில் இருக்கும். ஒரு அவுன்ஸ் 28 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலுவில் ‘மீடியம் ஹெவி’ பாருங்கள். பாசிக்குள் புதைந்த விராலை இழுத்தெடுக்க நுனி வளைந்தாலும் நடுக்கம்பு வளையக்கூடாது. நீளம் ஆறரை அடி போதும். நம் குளக்கரையில் தலைக்கு மேல் தென்னை ஓலை தொங்கும். அகன்ற அமெரிக்க ஏரியில் படகில் நின்று வீசுபவருக்குத்தான் ஏழடி, ஏழரை அடி எல்லாம்.

பெய்ட்காஸ்டர் நல்ல ரீல்தான். கெட்டியான நூலும் பாசியும் சேரும் இடத்தில் அதற்கு நிகர் கிடையாது என்று பழகியவர்கள் சத்தியம் செய்வார்கள். சிக்கல் என்னவென்றால், வீசும்போது நூற்சுருளே சுழலும். தவளை தண்ணீரில் விழும் நொடியில் கட்டைவிரலால் சுருளை நிறுத்தாவிட்டால் நூல் நுரைத்துத் தேங்காய் நார்ப் பொதியாகிவிடும். முதல் மாதம் மீன் பிடிப்பதைவிடச் சிக்கெடுப்பதில்தான் போகும். வீசும்போது சுருள் சுழலாத ஸ்பின்னிங் ரீலில் தொடங்குங்கள், 3000 அளவு.

உங்கள் 5,000 ரூபாயை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: ராடு 1,800, ரீல் 1,800, பின்னல் நூல் 700, தவளை இரண்டு 400, கிரிப்பர் 300. விலை கடைக்குக் கடை மாறும், விகிதத்தை மட்டும் விடாதீர்கள்.

தவளையைக் கடையிலேயே அமுக்கிப் பாருங்கள். இரு விரலால் அழுத்தினால் முள் இரண்டும் முழுதாக வெளியே தெரிய வேண்டும். விட்டால் உடல் பழையபடி உப்ப வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு குவளைத் தண்ணீரில் முக்கி அமுக்குங்கள். மூக்கின் வழியே, அதாவது நூல் கட்டும் வளையத்தின் ஓரமாக, குமிழி கொப்பளித்தால் அந்தத் தவளை பத்து வீச்சில் தண்ணீர் குடித்து மூழ்கும். மறுநாளே மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். வயலோரக் குளங்களின் குறுக்கே மின்கம்பி போகும் இடத்தில் ராடை உயர்த்தவே உயர்த்தாதீர்கள். இடி இடித்தால் கீழே போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு ரீலில் ‘13+1 பேரிங்’, இன்னொன்றில் ‘5+1’. விலை கிட்டத்தட்ட ஒன்று. பதின்மூன்றுதானே மேல்? (வேலந்தாவளம்)

பதில்: அதே விலையில் பதின்மூன்று பேரிங் தருகிறார் என்றால் ஒவ்வொன்றின் தரத்திலும் கைவைத்திருக்கிறார் என்று பொருள். ஐந்துள்ளதை எடுங்கள். அதற்கு முன் கைப்பிடியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போல் உணர்ந்தால் வேண்டாம். பிறகு மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமாக வெளியேறும் என்பதைக் கட்டுப்படுத்தும் டிராக் திருகைப் பாதி இறுக்கி நூலைக் கையால் இழுங்கள். சீராக வர வேண்டும். வெட்டி வெட்டி வந்தால் பெரிய மீன் அந்த வெட்டில்தான் நூலை அறுக்கும். கடைக்காரர் சுற்றிப் பார்க்க விடவில்லையா? அடுத்த கடைக்கு நடங்கள்.

கேள்வி: ‘60 பவுண்டு, 300 மீட்டர்’ என்று எழுதிய பச்சைப் பின்னல் நூல் வாங்கினேன். நான்கு நாளில் பச்சை வெளுத்துவிட்டது, ஒரு மீனோடு அறுந்தும் போய்விட்டது. போலியா? (கொல்லங்கோடு)

பதில்: நிறம் வெளுப்பது போலிக்குச் சான்று இல்லை. பின்னல் நூலின் இழை சாயத்தை உள்வாங்காது; மேலே பூசியதுதான். விலை உயர்ந்த நூலும் வெளுக்கும். அறுந்ததைத்தான் ஆராய வேண்டும்.

60 பவுண்டு என்றால் 27 கிலோ. அறுந்த முனையைப் பாருங்கள். சுருண்டு பன்றிவால் போலிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது, பிழை உங்களுடையது. நைலான் நரம்புக்குப் போடும் முடிச்சு வழுவழுப்பான பின்னல் நூலில் நிற்காது. இரட்டையாக்கி வளையத்தில் நுழைத்துப் போடும் பாலோமர் முடிச்சைப் பழகுங்கள், இறுக்குமுன் எச்சில் தொட்டுக்கொள்ளுங்கள். முனை பஞ்சு போல் சிதைந்திருந்தால் பாறையிலோ மீனின் பல்லிலோ உராய்ந்திருக்கிறது. நூலுக்கும் தவளைக்கும் நடுவே ஒன்றரை அடிக்குத் தடித்த நரம்பை லீடராகக் கட்டியிருந்தால் தப்பியிருக்கும். இரண்டும் இல்லாமல் நடுவில் பட்டென்று தெறித்திருந்தால் நூலைச் சந்தேகியுங்கள்.

சோதிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு வாளியில் பத்து லிட்டர் தண்ணீர் பிடித்தால் பத்து கிலோ. நூலை மாமரக் கிளையில் நாலைந்து சுற்றுச் சுற்றி, மறுமுனையை வாளிக் கைப்பிடியில் அதேபோல் சுற்றி முடிந்து, மெல்லத் தொங்கவிடுங்கள். பத்து கிலோவையே தாங்காத ‘60 பவுண்டு’ நூலைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. தாங்கினால் இன்னொரு வாளியைச் சேர்த்துக் கட்டுங்கள். கீழே கால் வைக்காதீர்கள். என் வீட்டில் இந்தச் சோதனை நடந்தபோது நூல் பிழைத்தது, வாளிதான் உடைந்தது.

நீளத்தையும் ஒருமுறை அளந்தேன். பத்து மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு தென்னைகளுக்கிடையே நூலைப் போகவிட்டு, வரவிட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். 300 மீட்டர் என்று எழுதியிருந்த நூல் 24 நடையில் தீர்ந்துபோனது. உறையை எடுத்துப் பார்த்தால் இறக்குமதியாளர் பெயர் இல்லை, விலை இல்லை, எந்த நாட்டுப் பொருள் என்பதும் இல்லை. 2011ஆம் ஆண்டின் பொதியுறைப் பொருள் விதிகளின்படி இவை எல்லாம் உறையில் இருந்தாக வேண்டும். வாங்கும்போதே பார்த்திருக்கலாம், மீன் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கேள்வி: நான் இருப்பது கோபாலபுரம், கேரள எல்லைக்குள். ராடு வாங்கியது பொள்ளாச்சிக் கடையில். மூன்றாவது வீச்சில், நூல் ஓடும் நுனி வளையத்தின் பீங்கான் கழன்று விழுந்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் காட்டுகிறார். மாநிலம் வேறு என்பதால் நான் என்ன செய்ய முடியும் என்றும் சிரிக்கிறார்.

பதில்: சிரிக்கட்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கடை பொள்ளாச்சியில் இருந்தாலும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் உங்கள் புகாரை ஏற்கும். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கென்றே எழுதியது போன்ற விதி, நம்மில் பலருக்கு இன்னும் தெரியவில்லை.

பில்லின் அடியில் உள்ள அந்த வாசகமும் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். பில் தர மறுப்பதும் அதே கணக்கு.

உடனே ஆணையத்துக்கு ஓட வேண்டாம். கழன்ற வளையத்தைப் படமெடுத்து, பில்லின் நகலோடு கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல கடைக்காரர்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். அதற்கும் அசையாதவர்மீதுதான் ஆணையம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இணையத்தில் வாங்கியவர்களுக்கு இன்னொரு பிடி: விற்பனைத் தளம் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

ஆனால் நுனி முறிந்த ராடோடு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. கார் கதவில் நசுக்கிவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நசுங்கிய கார்பனில் நெடுக்காகக் கீறல் விழுந்திருக்கும், அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

கேள்வி: ‘பாஸ் குஞ்சு’ ஒன்று 40 ரூபாய் என்று ஒருவர் விற்கிறார். தோட்டத்துக் குட்டையில் விட்டு வளர்க்கலாமா? (முதலமடை)

பதில்: முதலில் அது எந்தப் ‘பாஸ்’ என்று கேளுங்கள். ஆசிய சீ பாஸ் என்று விற்பது நம் கொடுவா. கேரளத்தில் காளாஞ்சி என்பார்கள். நன்னீரிலும் வளரும், நல்ல விலைக்கும் போகும். ஆனால் பெரியது சிறியதைத் தின்னும். அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் குட்டையில் அது இனப்பெருக்கமும் செய்யாது, அதற்குக் கடல்நீர் வேண்டும். ‘பீகாக் பாஸ்’ என்றால் அது தென் அமெரிக்க மீன், பாஸ் குடும்பமே இல்லை.

உண்மையான பெருவாய் பாஸ் என்று அவர் சத்தியம் செய்தால் அவசியம் விலகிவிடுங்கள். ஜப்பானில் 1925இல் ஆஷி ஏரியில் விட்ட மீன் நாடு முழுவதும் பரவி உள்ளூர் மீன்களைத் தின்றது. உலகின் மிகப் பெரிய பெருவாய் பாஸ் 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிடிபட்டது, பத்து கிலோவுக்குச் சற்று மேல். அதற்குச் சமமானது 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் கிடைத்தது. அந்தப் பிவாவில்தான் பிடித்த பாஸை மீண்டும் தண்ணீரில் விடுவதற்குத் தடை இருக்கிறது. வரப்பு உடைந்தால் உங்கள் குட்டை மீன் எங்கே போகும் என்று யோசியுங்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமா என்ற தென் அமெரிக்க ராட்சத மீன் வலையில் சிக்கியதை மறந்திருக்கமாட்டீர்கள்.

கேள்வி: செங்குஞ்சுக் கூட்டத்தோடு திரியும் தாய் விராலைத் தவளை போட்டுப் பிடிப்பது சரியா? எங்கள் குழுவில் இதைப் பற்றித் தினமும் சண்டை. (மீனாட்சிபுரம்)

பதில்: பாலக்காட்டுத் தூண்டில்காரர்கள் அந்தக் குஞ்சுக் கூட்டத்தைப் ‘பார்ப்பு’ என்கிறார்கள். பறவைக் குஞ்சுக்கும் ஆமைக் குஞ்சுக்கும் தமிழில் இருந்த பழஞ்சொல், நாம் தொலைத்ததை அவர்கள் வைத்திருக்கிறார்கள். பார்ப்பின் மேல் தவளையை இழுத்தால் தாய் பசியால் பாய்வதில்லை, காவலுக்குப் பாய்கிறது. அதனால் அது தப்பாமல் மாட்டும். அதையே திறமை என்கிறது ஒரு கட்சி. பாஸ் முட்டைக் குழியைக் காக்கும் பருவத்தில் அதைப் பிடிக்கலாமா என்று அமெரிக்காவிலும் இதே சண்டைதான்.

நான் வீசமாட்டேன். தாய் போனால் சீக்கிரமே கெண்டையும் ஜிலேபியும் நாரையும் குஞ்சுகளை முடித்துவிடும். அடுத்த ஆண்டு நீங்கள் வாங்கிய ராடுக்கு வேலை இருக்காது. மழை தொடங்கியதும் முட்டையிட வயலுக்கு ஏறும் மீனை மறித்துப் பிடிப்பது கேரளத்தில் சட்டப்படியே குற்றம். இந்த ஏறுமீன் பிடிப்பையே ஊத்தல் என்று சொல்லி வலையோடு கிளம்புகிற உங்கள் நண்பரிடம் இதைக் காட்டுங்கள்.

குளம் யாருடைய குத்தகை என்பதையும் கேட்டுக்கொண்டு போங்கள். மீன்கரை, சுள்ளியாறு போன்ற அணை என்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் தூண்டிலை அவிழ்க்காதீர்கள்; பறிமுதல் ஆகும் ராடுக்கு எந்தக் கடையும் உத்தரவாதம் தராது.