ரயில்வே கன்வென்ஷன் கமிட்டியை நடப்புப் பட்டியலில் தேடாதீர்கள்

ரயில்வே கன்வென்ஷன் கமிட்டி என்ற நாடாளுமன்றக் குழு இப்போது இல்லை. அதன் அறிக்கைகளுக்காக ஈரோட்டில் உட்கார்ந்து மூன்று நாள் நாடாளுமன்றத் தளத்தின் நடப்புக் குழுப் பட்டியலைப் புரட்டியும் அது உங்களுக்கு அகப்படாதது அதனால்தான். 16-ஆவது மக்களவையோடு (2014–2019) அதன் கதை முடிந்தது.

அரசு போட்ட மூலதனத்துக்காக ரயில்வே அரசின் பொது வருவாய்க்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஈவுத்தொகை தர வேண்டும் என்று பரிந்துரைப்பதே அதன் முதல் வேலை. 1949-இல் அமைந்த குழு 4 சதவீதம் என்றது. 2017-18 முதல் ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டில் கலந்ததும் ஈவுத்தொகையே போய்விட்டது. மாட்டை விற்ற பிறகு பால் கணக்கு எதற்கு?

நாடாளுமன்ற மின்னூலகத்தில் குழுவின் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்து, மக்களவை எண் 16 என்று வைத்துத் தேடுங்கள். பிறகு 15, 14 என்று பின்னால் போங்கள். கிடைத்த அறிக்கையின் முதல் பக்கங்களில் உறுப்பினர்களை எண்ணுங்கள். மக்களவையில் 12, மாநிலங்களவையில் 6 என 18 பேர் இருந்தால் சரி. 31 பேர் என்றால் அது ரயில்வே நிலைக்குழு. இன்றும் இருக்கிறது, பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ஒன்று: ஈரோடு லோகோ (ரயில் இன்ஜின்) பணிமனைக்கென்று தனிக் கணக்கை இந்த அறிக்கைகளில் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு ரயில்வே கோட்ட ஆவணங்கள்தான் வழி. ஈரோடு இப்போது அடங்கும் சேலம் கோட்டம் 2007-இல்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றைப் பாலக்காடு கோட்டத்தின் பெயரில் தேடுங்கள்.