இங்கிலாந்துக் குழந்தைகள் இல்லத்தில் சப்போர்ட் வொர்க்கர் (குழந்தைகளை அன்றாடம் பார்த்துக்கொள்ளும் பணியாளர்) வேலை எப்படி இருக்கும்?

பட்டம் தேவையில்லை. ஆனால் வேலையில் சேர்ந்து 2 ஆண்டுக்குள் குழந்தைகள் இல்லப் பராமரிப்புக்கான லெவல் 3 டிப்ளமோ முடிக்க வேண்டும். வேலையில் சேரும் முன் மேம்பட்ட டிபிஎஸ் சோதனை, அதாவது குற்றப் பின்னணிச் சோதனை, உண்டு.

வேலையில் பெரும்பகுதி சமையல், பள்ளிக்கு அழைத்துச் செல்வது, படுக்கவைப்பது. கஷ்டமான பகுதி சண்டை அல்ல, நடந்ததைப் பதிவேட்டில் எழுதுவது. "கோபமாக இருந்தான்" என்று பதிவேட்டில் எழுதினால் யாருக்கும் பயனில்லை. "மாலை 6.40க்குத் தட்டைச் சுவரில் எறிந்தான், 'அம்மா ஃபோனே எடுக்கல' என்றான்" என்று எழுதினால், தூண்டியது எது என்பது அடுத்த ஷிஃப்டுக்குப் புரியும்.

குழந்தையைப் பிடித்துக் கட்டுப்படுத்த நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் பதிவு இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் மேலாளர் உங்களிடம் பேசி அந்தப் பதிவில் கையெழுத்திட வேண்டும். 5 நாளுக்குள் குழந்தையிடமும் பேச வேண்டும். கடைசியைக் கோட்டை விடுவது எளிது.

குழந்தை ஏதாவது கொடுமையைச் சொல்ல ஆரம்பித்தால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. "அவர் அடித்தாரா?" என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டியதாகிவிடும், வழக்கில் அது சாட்சியத்தைக் கெடுக்கும். "பிறகு என்ன ஆச்சு?" போதும். குழந்தையின் சொற்களிலேயே எழுதி உடனே மேலாளரிடம் தெரிவியுங்கள்.

சம்பளம் பேசும்போது 'ஸ்லீப்-இன்' இரவுகளுக்கு (இல்லத்திலேயே தூங்கி, தேவைப்பட்டால் எழுந்து வேலை செய்யும் இரவுகள்) எவ்வளவு என்று கேளுங்கள். தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் கட்டாயமில்லை என்று 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எழுப்பப்பட்டு வேலை செய்யும் நேரத்துக்கு உண்டு.