நெருப்பெறும்புகளில் ஜெமினேட்டா, இன்விக்டா என்ற இரு சிற்றினங்களை உடலமைப்பைக் கொண்டு பிரித்தறிவது எப்படி?

நிறத்தையும் பருமனையும் மட்டும் நம்பினால் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. ஒரே புற்றின் வேலைக்கார எறும்புகளுக்குள்ளேயே சிறியதும் பெரியதும் கலந்திருக்கும். பேரினத்தைக் கண்டறிவது எளிது: உணர்கொம்பில் 10 கணுக்கள், அவற்றில் கடைசி இரண்டு மட்டும் கதாயுதம்போலத் தடித்திருத்தல், இடுப்பில் இரண்டு முடிச்சுகள், நடுவுடலின் பின்பகுதியில் முள் இல்லாமை ஆகியவை ஒன்றுசேர்ந்திருந்தால் அது நெருப்பெறும்புகள் அடங்கிய சொலெனாப்சிஸ் பேரினம்தான்.

சிற்றினத்துக்கு முகத்தைப் பார்க்க வேண்டும். தாடைகளுக்கு மேலே முகத்தின் முன்விளிம்பாக அமைந்த தகட்டில் இரு பக்கப் பற்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு சிறு பல் தெளிவாக நீட்டிக்கொண்டிருந்தால் அது இன்விக்டா. ஜெமினேட்டாவில் அந்த நடுப்பல் இராது. மண்துகள் ஒட்டியிருந்தால் பல் மறைந்துபோகும் என்பதால், சாராயத்தில் நனைத்த மென்தூரிகையால் முகத்தைத் துடைத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது நல்லது. ஜெமினேட்டாவின் பெரிய வேலைக்காரிகளுக்கு உடலுக்குப் பொருந்தாத பெருந்தலை உண்டு. அதன் பின்விளிம்பு நடுவில் ஆழமாகப் பள்ளம் விழுந்து இரு மேடாகத் தெரியும். ஆகவே சேகரிக்கும்போது பெரியவற்றையும் தவறாமல் எடுங்கள். சிறியவற்றை மட்டும் வைத்து முடிவு சொல்வது பெரும்பாலும் ஊகமே.

தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படுவது ஜெமினேட்டா. அமெரிக்காவின் தென்பகுதியிலோ இன்விக்டாவும் ரிக்டெரி என்ற மற்றொரு நெருப்பெறும்புச் சிற்றினமும் கலந்து கலப்பினங்கள் தோன்றியுள்ளன. அவற்றை உறுதிசெய்ய உடலமைப்பு போதாமல், மேல்தோலின் ஹைட்ரோகார்பன்களையும் நஞ்சின் வேதிப்பொருள்களையும் ஆராய வேண்டியிருக்கிறது.