தேதி முடிந்த கேன் தண்ணீரைக் குடிக்கலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "புயல் எச்சரிக்கையின்போது வாங்கிய இரண்டு 20 லிட்டர் கேன்கள் மாடிப்படிக்கு அடியில் பிரிக்கப்படாமலேயே இருக்கின்றன. தேதி முடிந்து ஒரு மாதமாகிறது. குடிக்கலாமா?"

குடிக்க வேண்டாம், கீழே கொட்டவும் வேண்டாம், பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தண்ணீர் பாலைப் போலத் தானாகக் கெட்டுப்போகும் பொருளன்று. அச்சிடப்பட்டிருக்கும் தேதி, அந்தக் கொள்கலனும் மூடியும் எவ்வளவு காலம் நீரைத் தூய்மையாகக் காக்கும் என்பதற்கான உற்பத்தியாளரின் உறுதிமொழிதான். சீல் உடையாத ஒரு லிட்டர் பாட்டில் நிழலில் இருந்திருந்தால், தேதி சற்றுக் கடந்தாலும் நான் அஞ்சமாட்டேன். ஆனால் கேன் பலமுறை கழுவி நிரப்பப்படுவது. அதன் மெல்லிய மூடி எளிதில் நெகிழ்ந்துவிடும், உட்புறக் கீறல்களில் கிருமிகள் தங்கும். வெளிச்சம் பட்டால் பாசியும் பிடிக்கும். காலிக் கேனை வெயிலில் தூக்கிப் பார்த்தால், கைப்பிடிக் குழிவில் பச்சை நிறம் தெரிவதுண்டு.

மாடிப்படியடி நிழலான இடம்தான், ஆனால் அங்கே வேறு என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. மண்ணெண்ணெய், பெயிண்ட், பினாயில், அந்துருண்டை ஆகியவற்றின் ஆவி பிளாஸ்டிக்கை ஊடுருவி நீரில் வாடை ஏற்றிவிடும்; கொதிக்கவைத்தால் கிருமி சாகுமே தவிர, இத்தகைய வேதிப்பொருள்கள் முழுமையாக நீங்கும் என்று நம்ப முடியாது. வெப்பமும் பிளாஸ்டிக்கிலிருந்து நுண்ணளவில் பொருள்களைக் கசியச் செய்யும் என்பதால், கடைவாசலில் சித்திரை வெயிலில் அடுக்கிவைத்த பாட்டில்களை நான் வாங்குவதில்லை.

திறந்த கேனை இரண்டு மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாதீர்கள். வாங்கும்போது 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், நிரப்பிய தேதியும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சேமிப்பதாயின், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டால், நால்வருக்கு மூன்று நாட்களுக்கு 48 லிட்டர், அதாவது கேனில் ஏறத்தாழ இரண்டரை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததைக் கண்டவர்கள், கேனைத் தரையில் வைக்கமாட்டார்கள். பலகையின் மேலோ பரணிலோ வையுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய கேன், சீல் உடையாதிருந்தாலும், மூடியிடுக்கில் சாக்கடை நீர் புகுந்திருக்கக்கூடும் என்பதால் குடிக்க உதவாது.